நல்ல பேருக்கு என்ன விலை? மோட் பண்றவங்களுக்கு அக்காவோட டிப்ஸ்

நெமிலியோ பனப்பாக்கமோ அரக்கோணமோ, எந்த ஊர்ல உட்கார்ந்து கேமுக்கு மோட் பண்ணிக்கிட்டு இருந்தாலும் சரி, இது உனக்குத்தான் தம்பி. தங்கச்சி, உனக்கும்தான். கதை எழுதியாச்சு, மேப் போட்டாச்சு, மூணு கோஷ்டியைக் கொண்டு வந்து நிறுத்தியாச்சு. இப்ப 'இவங்ககிட்ட நல்ல பேர் எடுத்தா என்ன தரலாம்'ங்கற கேள்வியில வந்து நிக்கற. நல்லா வந்திருக்க வேண்டிய மோட் எல்லாம் படுத்துக்கறது பெரும்பாலும் இந்த இடத்துலதான். ரெண்டு மணி நேரம் ஆடினதுமே இருக்கறதுலயே நல்ல துப்பாக்கி, நல்ல கவசம் எல்லாம் கைக்கு வந்துடும், அப்புறம் ஆட ஒண்ணும் மிச்சம் இருக்காது. இல்லாட்டி எட்டு மணி நேரம் ஓடாத் தேய்ஞ்சதுக்கு ஒரு சட்டையும் கொஞ்சம் சில்லறையும் தருவாங்க.

நான் சொல்லப்போற அத்தனைக்கும் அடியில ஒரே விஷயம்தான் இருக்கு. ஒரு கோஷ்டிகிட்ட நல்ல பேர் எடுக்கணும்னா வேற எங்கயாவது எதையாவது விட்டுக்கொடுத்தாகணும். நேரமோ, காசோ, இன்னொரு கோஷ்டியோட தயவோ, ஏதோ ஒண்ணு. அந்த விலை ஆடறவங்களுக்கு முன்கூட்டியே தெரியவும் வேணும். இந்த ரெண்டும் அமைஞ்சுட்டா பரிசு சின்னதா இருந்தாலும் மனசுல நிக்கும்.

மணிக்கணக்கைப் போட்டுட்டு பாயிண்டைத் தொடு

பாயிண்ட் எவ்வளவு, பரிசு என்னன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு பேப்பரை எடு. உன் மோடை ஒருத்தர் நிதானமா ஆடினா எத்தனை மணி நேரம் வரும்? 12 மணி நேரம்னு வெச்சுக்கோ. ஒரு மிஷனுக்குச் சராசரியா கால் மணி நேரம்னா மொத்தம் 48 மிஷன். ஒரு கோஷ்டிகிட்ட எடுக்கக்கூடிய உச்சம் 100 பாயிண்ட். மிஷனுக்கு 10 பாயிண்ட் தந்தா பத்தே மிஷன்ல, ரெண்டரை மணி நேரத்துல, உச்சத்துக்குப் போயிடலாம். மீதி ஒன்பதரை மணி நேரமும் அந்தக் கோஷ்டித் தலைவர் 'உன் உதவியை மறக்க மாட்டோம்'னு சொல்லிக்கிட்டே இருப்பார், மீட்டர் அசையாது.

அதையே 3 பாயிண்ட்டா வை. 34 மிஷன் ஆகும், எட்டரை மணி நேரம். ஒரே கோஷ்டியைப் பிடிச்சுக்கிட்டவங்க கதை முடியறதுக்கு முன்னாடியே உச்சத்தைத் தொட்டு, கிடைச்ச பரிசை வெச்சு இன்னும் மூணரை மணி நேரம் ஆடலாம். ரெண்டு கோஷ்டியையும் உச்சத்துக்குக் கொண்டு போகணும்னா 68 மிஷன் வேணும், இருக்கறதே 48தான். அப்ப யாரு பக்கம்னு முடிவு எடுத்தே ஆகணும். ஒரு வரி வசனம் எழுதாம, வெறும் கணக்குலயே விலை வந்துடுச்சு பாரு.

அடுத்தது, படிகளைச் சமமாப் பிரிக்காதே. 25, 50, 75, 100னு போடத்தான் கை பரபரக்கும். 2004-ல வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல போட்டு வெச்ச கணக்கைப் பாரு. நடுநிலையிலேருந்து முதல் படி ஏற 3,000 பாயிண்ட், அடுத்ததுக்கு 6,000, அதுக்கடுத்து 12,000, கடைசிப் படிக்கு 21,000. மொத்தம் 42,000-ல சரிபாதி கடைசிப் படிக்கே போயிடுது. வேடிக்கை பார்க்க வந்தவங்களுக்கும் ஆரம்பத்துலயே ஏதோ ஒண்ணு கிடைக்கும். உச்சிக்கு அந்தக் கோஷ்டி மேல உண்மையிலயே பிடிப்பு இருக்கறவங்கதான் போவாங்க. உன்னோட 100-ஐ 10, 30, 60, 100னு பிரிச்சா முதல் படி நாலு மிஷன்ல, ஒரு மணி நேரத்துல வந்துடும். முதல் பரிசு அவ்வளவு சீக்கிரம் வந்தாதான் 'இந்த மீட்டரைப் பார்த்துக்கணும் போலிருக்கே'ன்னு அவங்களுக்குத் தோணும். கடைசி 40 பாயிண்டுக்கு 14 மிஷன், மூணரை மணி நேரம். அது சரியான தூரம்.

சில்லறை வேலைக்கு ஒரு மூடி போடு. மூட்டை தூக்கறது, எலி அடிக்கறது, கடிதம் கொண்டு போறது மாதிரி திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய வேலை எதுவும் 60-க்கு மேல ஏத்தக் கூடாது. அதுக்கு மேல கதையில வர்ற பெரிய மிஷன்தான் ஏத்தணும். ஸ்டார்ட்யூ வேலியில பாரு, ஊர்ல ஒருத்தருக்கு வாரத்துக்கு ரெண்டு தடவைதான் பரிசு கொடுக்க முடியும், பிறந்த நாளுக்கு மட்டும் தனிக் கணக்கு. அந்தச் சின்னக் கட்டுப்பாடு இல்லேன்னா ஒரே நாள்ல ஐம்பது பூவை ஒருத்தர் கையில திணிச்சு சிநேகிதம் முடிச்சிருப்பாங்க.

தள்ளுபடிதான் பெரிய ஓட்டை

நல்ல பேருக்குப் பரிசா கடையில விலை குறைக்கறது எழுதறதுக்கு ரொம்ப சுலபம், அதனாலயே எல்லாரும் அதைத்தான் முதல்ல போடறாங்க. நிதானமா இதைக் கேளு. ஒரு சாமானைக் கடையில வாங்கற விலை 100, அதையே வித்தா கிடைக்கறது 60. ஒரு கோஷ்டி வாங்கறதுல 20 சதவீதம் குறைச்சு, விக்கறதுல 20 சதவீதம் கூட்டித் தருதுன்னு வை. வாங்கறது 80, விக்கறது 72. ஆபத்து இல்லை. இன்னொரு கோஷ்டியும் அதே பரிசைத் தந்து, ரெண்டும் ஒண்ணா கூடிடுச்சுன்னா? வாங்கறது 60, விக்கறது 84. கடை வாசல்ல நின்னுக்கிட்டே வாங்கி வாங்கி வித்து 24, 24-ஆ சேர்த்துக்கிட்டே போகலாம். உன் மோட்ல பணத்துக்கு இருந்த அர்த்தம் அதோட முடிஞ்சுது.

அதனால தள்ளுபடி தர்றதா இருந்தா அந்தக் கோஷ்டிக்காரங்க கடையில மட்டும் தா. ரெண்டு தள்ளுபடி ஒரே சாமானுக்கு விழுந்தா பெரியதை மட்டும் எடுத்துக்கச் சொல்லு, கூட்டாதே. எத்தனை கோஷ்டி சேர்ந்தாலும் விக்கற விலை வாங்கற விலையைத் தாண்டக் கூடாதுன்னு கோடுலயே ஒரு பூட்டு போடு.

இது சின்னப் பசங்க பண்ற மோட்ல மட்டும் நடக்கறதுன்னு நினைக்காதே. மைன்கிராஃப்ட்ல 2019-ல வந்த 1.14-லேருந்து கிராமத்து ஆளுங்க உன்னைப் பத்தித் தங்களுக்குள்ள பேசிக்குவாங்க. ஒருத்தரை அடிச்சா அந்தக் கெட்ட பேரும் பரவும், ஜாம்பியா மாறின ஒருத்தரைக் குணப்படுத்தினா அந்த நல்ல பேரும் பரவும், கடையில விலையும் நல்லாக் குறையும். ரொம்ப அழகான ஏற்பாடு. ஆனா ஆடறவங்க என்ன செஞ்சாங்க? அதே வியாபாரியை ஜாம்பிகிட்ட கடிக்க விட்டு, குணப்படுத்தி, திரும்பக் கடிக்க விட்டு, திரும்பக் குணப்படுத்தி, எதை வாங்கினாலும் ஒரே ஒரு மரகதம்ங்கற அளவுக்கு விலையைக் கீழே கொண்டு வந்துட்டாங்க. 2023-ல 1.20.2 வந்தப்பதான், அந்தப் பெரிய தள்ளுபடி முதல் தடவை குணப்படுத்தறதுக்கு மட்டும்னு கேமைச் செய்யற மோஜாங் கம்பெனி மாத்தினாங்க. நாலு வருஷம் ஓடியிருக்கு. நீ எழுதற ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் இந்தக் கேள்வியைப் பக்கத்துல எழுதி வை: இதுக்குப் பாயிண்ட் வாங்கணும்னே முதல்ல ஒரு கெட்டதைச் செய்ய முடியுமா? திருடின மாட்டைக் கண்டுபிடிச்சுத் தந்தா பாயிண்ட்னா, அந்த மாட்டைத் திருடினதே அவங்களா இருக்கலாம். ஒரு ஆளுக்கு, ஒரு சம்பவத்துக்கு ஒரே தடவைன்னு குறிச்சு வெச்சுட்டா தீர்ந்தது.

சரி, அப்ப என்னதான் தர்றது?

ஒவ்வொரு கோஷ்டியும் தர்ற பரிசு வேற வேற வகையா இருக்கணும். மூணு பேரும் கத்தி தந்து, ஒண்ணு 40 அடி, ஒண்ணு 45, ஒண்ணு 50-ன்னு வெச்சா, எல்லாரும் 50 தர்றவங்ககிட்ட போவாங்க, மத்த ரெண்டு கோஷ்டிக்கு நீ எழுதின கதையை யாரும் படிக்கக்கூட மாட்டாங்க. ஒருத்தர் ஆயுதம் தரட்டும், இன்னொருத்தர் தங்க இடம், வேறொருத்தர் தகவல். அப்பதான் 'எது பெரிசு'ன்னு பார்க்கறதை விட்டுட்டு 'எனக்கு எது தேவை'ன்னு யோசிப்பாங்க.

இதுக்கு நான் எல்லாருக்கும் காட்டறது 2010-ல அப்சிடியன் செஞ்ச ஃபால்அவுட்: நியூ வேகஸ். சாதாரண லேப்டாப்புலயே ஓடும், மோட் கத்துக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியலை. என்சிஆர் ராணுவத்துக்கிட்ட நல்ல பேர் எடுத்தா ஒரு ரேடியோ தருவாங்க, ஆபத்துல ஆளையோ சரக்கையோ அதுல கூப்பிட்டுக்கலாம். ஒரு பாதுகாப்பு வீட்டுச் சாவியும் தருவாங்க. சாவிங்கறது எவ்வளவு நல்ல பரிசு பாரு. சண்டையில அடியை ஒரு புள்ளிகூடக் கூட்டலை, ஆனா பாலைவனத்துல தலை சாய்க்க இடம், சாமான் வைக்கப் பெட்டி. 'இவங்க என்னை நம்பறாங்க'ங்கறதை அது வசனம் இல்லாமச் சொல்லிடுது. உன் மோட்ல பாயிண்ட் நிறைஞ்சதும் பூட்டின கதவு ஒண்ணு திறக்கட்டும், பேசாத ஆள் ஒருத்தர் பேசட்டும், மேப்ல இல்லாத ஒத்தையடிப் பாதை ஒண்ணு தெரியட்டும். இதுல எதுவும் சண்டைக் கணக்கைக் கெடுக்காது.

ரிம்வேர்ல்ட் வேற வழியில போகுது. அங்க மத்த ஊர்க்காரங்களோட உறவு மைனஸ் 100-லேருந்து 100 வரை. 75-ஐத் தொட்டா கூட்டாளி. கூட்டாளி ஆனப்புறம் வியாபாரக் கூட்டத்தை வரச் சொன்னா அந்த உறவுலேருந்தே 15 போகும், சண்டைக்கு ஆள் அனுப்பச் சொன்னா 25 போகும். நல்ல பேரைச் சேர்க்கறதோட நிக்காம செலவும் பண்ண வைக்கறாங்க. உன் மோட்ல 'உச்சம் தொட்டாச்சு, இனி இந்தக் கோஷ்டிக்கு எதுக்கு வேலை செய்யணும்'ங்கற நிலைமை வந்தா, இந்த முறையைக் கையில எடு. பெரிய உதவி கேட்டா பாயிண்ட் குறையும்னு வை. கேட்கறதுக்கு முன்னாடி அவங்க ஒரு நிமிஷம் யோசிக்கறாங்களே, அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நீ இத்தனை பாடுபடற.

பட்டம், பதவி தர்றதா இருந்தா ஒண்ணு சொல்றேன். 2002-ல வந்த மோரோவிண்ட்ல மூணு பெரிய வம்சம் இருக்கு, ஒண்ணுலதான் சேர முடியும். பதவி உயரணும்னா வேலை முடிச்சா மட்டும் போதாது, அந்த வம்சத்துக்கு வேண்டிய திறமையும் கையில இருக்கணும். மோரோவிண்டைச் செஞ்ச அதே கம்பெனி 2011-ல வெளியிட்ட ஸ்கைரிம்ல மந்திரம் சரியா தெரியாமலே மந்திரக் கல்லூரிக்குத் தலைவராகலாம், கூடவே திருடர் கூட்டத்துக்கும் கொலைகாரர் கூட்டத்துக்கும் தலைவராகலாம். ஸ்கைரிம் எனக்கும் பிடிச்ச கேம்தான். ஆனா எல்லா நாற்காலியிலயும் ஒரே ஆள் உட்கார முடியும்னா அந்த நாற்காலிக்கு மதிப்பு இல்லை. இந்த விஷயத்துல நீ மோரோவிண்ட் பக்கம் நில்லு.

ஒரு பக்கம் ஏறினா இன்னொரு பக்கம் எவ்வளவு இறங்கணும்?

1999-ல வந்த ஜிடிஏ 2-ல இதை ரொம்ப எளிமையா பண்ணியிருப்பாங்க. ஊரோட ஒவ்வொரு பகுதியிலயும் மூணு கேங்க். ஒரு கேங்க் ஆளுங்களைப் போட்டுத் தள்ளினா அவங்க எதிரிகிட்ட உனக்கு மதிப்பு ஏறும். மதிப்பு ஏற ஏற அவங்க டெலிபோன்ல பெரிய வேலை கிடைக்கும். விளக்கமே தேவையில்லாத தராசு அது. முதல் மோட் பண்றவங்க இதைக் காப்பியடிச்சாலே போதும்.

வார்கிராஃப்ட்டோட 2007 பாகத்துல ஆல்டர், ஸ்க்ரையர்னு ரெண்டு கோஷ்டி. ஒருத்தர்கிட்ட 100 ஏறினா இன்னொருத்தர்கிட்ட 110 இறங்கும். ஏறறதைவிட இறங்கறது கொஞ்சம் கூட இருக்கறதாலதான் ரெண்டு படகுலயும் கால் வைக்க முடியாது. அதே நேரம் மனசு மாறினவங்க குறிப்பிட்ட சில சாமானைச் சேகரிச்சுக் கொடுத்துக் கொடுத்து எதிர்ப்பக்கம் திரும்பலாம். வழி இருக்கு, நிறைய உழைக்கணும். உன் மோட்லயும் அந்த வழியை அடைச்சுடாதே. அறியாமத் தப்பான பக்கம் போனவங்க மொத்தத்தையும் அழிச்சு முதல்லேருந்து ஆடறதைவிட, கேமையே மூடிட்டுப் போயிடுவாங்க.

நியூ வேகஸ் இன்னும் ஒரு படி மேல. அங்க ஒவ்வொரு கோஷ்டிக்கும் புகழ் ஒரு கணக்கு, அவப்பேர் தனி ஒரு கணக்கு. ஊருக்கு நாலு நல்லது செஞ்சதால, அங்க ஒருத்தரைக் கொன்னது மறைஞ்சு போகாது. ரெண்டும் ஏறியிருக்கற ஆளை ஜனங்க குழப்பத்தோட பார்ப்பாங்க, அதுக்கும் தனித்தனிப் பட்டம் உண்டு. அவப்பேர் முத்தினவங்களைத் தேடி என்சிஆர் ஒரு ரேஞ்சர் குழுவை அனுப்பும், அவங்க வந்த உடனே சுட மாட்டாங்க, மூணு நாள் கெடு கொடுத்துட்டுப் போவாங்க. இதை நல்லா கவனி. கெட்ட பேருக்குக் கடையை மூடறது, கதவைச் சாத்தறது மட்டும் போதாது. கெட்ட பேர் எடுத்தவங்களுக்கும் ஆடறதுக்கு ஏதாவது இருக்கணும். துரத்தற ஆள், எச்சரிக்கை, ரகசிய வழி, கறுப்புச் சந்தைக் கடை, எதுவானாலும் சரி. இல்லேன்னா உன் மோட்ல பாதி உள்ளடக்கம் பூட்டியே கிடக்கும்.

நம்ம ஊரையே மோடா பண்ணினா

இதுதான் எனக்கு ரொம்ப ஆசை. பாலைவனம், விண்வெளி எல்லாம் மத்தவங்க பண்ணியாச்சு. நெமிலியிலேருந்து மேற்கால ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாத்தங்கரையோட போனா ஒரு முழு கேமுக்கான கோஷ்டிங்க நிக்குது. டேனரி முதலாளிங்க, கிணத்துத் தண்ணியை நம்பிக் கழனி வெச்சிருக்கறவங்க, விடியக்காலையில கம்பெனி பஸ் ஏறற ஷூ கம்பெனிப் பெண்கள். இவங்களுக்கு நடுவுல நடந்தது நிஜமான வரலாறு. 1991-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி தீர்ப்பு சொன்னது. தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டு வருது, ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை தருது, ஆனா அதுக்காக மண்ணையும் தண்ணியையும் கெடுக்க உரிமை கிடையாதுன்னு ரெண்டையும் சேர்த்தே அந்தத் தீர்ப்பு பேசுது. டேனரிப் பகுதிகள்ல சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாவோ முழுசாவோ கெட்டுப்போச்சுங்கற கணக்கும் அதுல இருக்கு. டேனரி ஒவ்வொண்ணும் 10,000 ரூபாய் அபராதம் கட்டணும், சுத்திகரிப்பு வசதி செய்யணும்னு உத்தரவு. அதோட முடியலை, 2025 ஜனவரி 30-ஆம் தேதியும் பாலாத்து மாசு பத்தி உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு கொடுத்திருக்கு.

இதை மோடாக்கும்போது 'ஒருத்தர் ஏறினா மத்தவங்க எல்லாம் அதே அளவு இறங்கணும்'னு ஒரே விதி போட்டா பொய்யா இருக்கும். ஒரே வீட்டுல அப்பா கழனிக்குப் போவார், பொண்ணு ஷூ கம்பெனிக்குப் போகும். அதனால மிஷனுக்கு மிஷன் தனிக்கணக்கு போடு. நான் போட்டுப் பார்த்த கணக்கைச் சொல்றேன்.

ராத்திரியோட ராத்திரியா கழிவுத் தண்ணியை ஆத்துல திறந்துவிடற மிஷன்: முதலாளிங்ககிட்ட 6 ஏறும், தொழிலாளிங்ககிட்ட 2 இறங்கும், விவசாயிங்ககிட்ட அன்னைக்கு ஒண்ணும் ஆகாது. கேம் கணக்குல மூணு நாள் கழிச்சு 12 இறங்கும். டேனரியிலேருந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு பைப் போடற மிஷன்: முதலாளிங்ககிட்ட 2 இறங்கும், ஏன்னா செலவு அவங்களுது. விவசாயிங்ககிட்ட 4, தொழிலாளிங்ககிட்ட 3 ஏறும், ஏன்னா வேலையும் போகலை, தண்ணியும் கெடலை. டேனரியை மூடச் சொல்லி மறியல் பண்ற மிஷன்: விவசாயிங்ககிட்ட 6 ஏறும், முதலாளிங்ககிட்ட 8 இறங்கும், தொழிலாளிங்ககிட்டயும் 6 இறங்கும். இப்ப பாரு, எந்த மிஷனுக்கும் பதில் சுலபமா இல்லை. பைப் மிஷன்ல ரெண்டு பக்கம் லாபம்தான், ஆனா ஏத்தம் சின்னது, மிஷனும் நீளமா இருக்கட்டும்.

அந்த மூணு நாள் தாமதத்தை மட்டும் ஜாக்கிரதையா கையாளு. ஆத்துல விட்டது கிணத்துல தெரிய நாளாகும்ங்கறது உண்மை. அதை கேம்ல கொண்டு வர்றது நல்லது. ஆனா எதுக்குப் பாயிண்ட் இறங்குச்சுன்னே புரியாம விட்டா, மோட்ல பிழைன்னு நினைச்சுக்குவாங்க. மிஷனுக்கு முன்னாடியே ஒரு பாட்டியைக் கிணத்தடியில நிக்க வை. 'போன தடவை திறந்துவிட்டப்புறம் இந்தத் தண்ணி கரிக்க ஆரம்பிச்சுது'ன்னு அவங்க சொல்லட்டும். மிஷன் முடிஞ்ச ரெண்டாவது நாள் கிணத்துத் தண்ணியோட நிறத்தைக் கொஞ்சம் மாத்து, கரையோரம் நுரையைக் காட்டு. மூணாவது நாள் பாயிண்ட் இறங்கறப்ப ஏன்னு அவங்களுக்கே தெரியும்.

இன்னும் ரெண்டு விஷயம், அக்காவா கண்டிப்பாவே சொல்றேன். கோஷ்டியைத் தொழிலை வெச்சுப் பிரி. சாதியையோ மதத்தையோ கோஷ்டியா வெச்சுப் பாயிண்ட் கொடுக்காதே, அதை விளையாட்டாக்கினா காயப்படறது நம்ம கூடப் படிச்சவங்கதான். அதே மாதிரி நிஜ டேனரி, நிஜ முதலாளி பேரை எதுலயும் போடாதே. ஊர் பேரும் ஆத்துப் பேரும் போதும்.

சின்னச் சின்ன வேலைங்க

பாயிண்ட், படி, தள்ளுபடி எல்லா நம்பரையும் ஒரே ஃபைல்ல வை. ரிம்வேர்ல்ட்ல எக்ஸ்எம்எல் ஃபைல்லயே நிறைய முடிஞ்சுடும். மிஷன் ஸ்கிரிப்டு முழுக்க நம்பரைத் தூவி வெச்சா அப்புறம் ஒண்ணை மாத்த இருபது இடம் தேடணும்.

ஒரு மிஷன்ல பேர் ஏறினாலும் இறங்கினாலும் திரையில உடனே காட்டு, எந்தக் கோஷ்டி, எவ்வளவு, எதனாலன்னு.

தமிழ்ல எழுதறதா இருந்தா எழுத்தை முதல்ல சோதிச்சுடு. யூனிட்டியில செஞ்ச கேம் பலதுல தமிழ் எழுத்து சரியா சேராது. 'நெமிலி'ன்னு எழுதினா கொம்பு 'ந'வுக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்கும். 'தோல்', 'வேலூர்' எல்லாத்துக்கும் அதே கதி. கோஷ்டிப் பேரைப் படமா செஞ்சு போடறது ஒரு வழி. இல்லாட்டி 'கழனி' மாதிரி கொம்பே வராத பேரா வை.

ஆடிப் பார்க்கறதும் திருத்தறதும்

வெளியிடறதுக்கு முன்னாடி மூணு விதமான ஆளுங்ககிட்ட கொடு. எல்லா மிஷனையும் ஒண்ணு விடாம முடிக்கற ஒருத்தர், வசனத்தைத் தாண்டித் தாண்டிச் சண்டைக்கு ஓடற ஒருத்தர், கேமே அதிகம் ஆடாத ஒருத்தர். பக்கத்துல உட்கார்ந்துக்கோ, வாயைத் திறக்காதே. மணிக்கொரு தடவை ஒவ்வொரு கோஷ்டியிலயும் அவங்க பாயிண்ட் எவ்வளவு, கையில பணம் எவ்வளவுன்னு எக்ஸெல்ல குறி. மூணு பேரோட கோடும் ஒரே மாதிரி ஏறினா, நீ எழுதின தேர்வு எதுவும் தேர்வா இல்லைன்னு அர்த்தம். யாராவது ஒருத்தர் பணக்கோடு திடீர்னு செங்குத்தா எழும்பினா நேரா தள்ளுபடி ஃபைலைத் திற.

திருத்தறதுக்கு வெட்கப்படவே வேண்டாம். நியூ வேகஸோட தலைமை வடிவமைப்பாளர் ஜாஷ் சாயர், கேம் வந்து ஒரு வருஷம் கழிச்சு, 2011 டிசம்பர்ல, தன்னோட சொந்த மோடை இலவசமா வெளியிட்டார். லெவல் ஏறறதை மெதுவாக்கி, சுமக்கக்கூடிய எடையைக் குறைச்சு, தனக்குச் சரின்னு பட்ட கணக்கை அதுல வெச்சார். கேமைச் செஞ்சவரே அப்படின்னா நமக்கென்ன.

வெளியிட்டப்புறம் மாத்தறப்ப ஒரு வரிசை வெச்சுக்கோ. எல்லாரும் ஒரே கோஷ்டிக்குப் போறாங்கன்னு தெரிஞ்சா, அந்தக் கோஷ்டியோட பரிசைக் குறைக்கறதுக்கு முன்னாடி மத்த ரெண்டு பேரோட பரிசைப் பாரு. அதை நல்லதாக்கினா யாருக்கும் கையில இருந்ததைப் பிடுங்கின மாதிரி இருக்காது. படி ரொம்ப உயரம்னு குறை வந்தா தயங்காம இறக்கு. வார்கிராஃப்ட்ல 2007-ல கடினமான நிலவறைங்களுக்குச் சாவி வாங்க ரொம்ப உயர்ந்த படி வரை நல்ல பேர் எடுக்கணும்னு வெச்சிருந்தாங்க, அதே வருஷமே ஒரு படி கீழே இறக்கினாங்க. படியை ஏத்த வேண்டி வந்தா மட்டும், ஏற்கெனவே சேவ் வெச்சிருக்கறவங்க கிட்ட இருக்கற பரிசு போகாத மாதிரி எழுது. ஒருத்தர் பழைய கணக்குப்படி 60-ல சாவி வாங்கியிருந்தா, நீ அதை 70 ஆக்கினாலும் அந்தச் சாவி அவங்ககிட்டயே இருக்கணும். பதிப்பு எண்ணோட பக்கத்துல எந்த நம்பரை எதுலேருந்து எதுக்கு மாத்தினேன்னு ஒரு வரி எழுதிடு.